யுஸார்லிக்: துர்க்மென் வீட்டு வாசலில் தொங்கும் செடி

கேள்வி சுருக்கமாக இதுதான். துர்க்மெனிஸ்தானில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய உறவினர் ஒருவர் காய்ந்த செடிக்கொத்து ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பெயர் யுஸார்லிக். அங்கே அது புனித மூலிகையாம். புகை போட்டால் கண்ணேறு அண்டாதாம், தொற்றுநோய் வராதாம், கஷாயம் வைத்துக் குடித்தால் சளி இருமல் போகுமாம். கேட்பவர் வீட்டில் பத்து மாதக் குழந்தை இருக்கிறது. இது என்ன செடி, அங்கே உண்மையிலேயே இப்படித்தான் பயன்படுத்துகிறார்களா, நாமும் செய்யலாமா?

கஷாயம் மட்டும் வைக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் பார்க்கலாம்.

நான் பார்மசி படித்தவள். கணவருக்கு எண்ணெய் வயலில் வேலை, அதனால் துர்க்மெனிஸ்தானின் மேற்குக் கோடியில் பால்கனாபாத் என்ற ஊரில் இரண்டரை ஆண்டு இருந்தோம். எனக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. பொழுது நிறைய இருந்தது. கீழ்வீட்டு அம்மாவோடு சந்தைக்குப் போவதும், அரைகுறை ரஷ்ய மொழியில் கதை பேசுவதும்தான் வேலை. அவரைத் தாய்ஸா என்று கூப்பிடுவேன். துர்க்மென் மொழியில் அம்மாவின் சகோதரிக்கான சொல் அது. வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அப்படி அழைக்கலாம். நம் 'தாய்'க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் கூப்பிடும்போது வாய்க்கு இதமாக இருக்கும்.

குடிபோன முதல் வாரம் தாய்ஸா ஒரு பழைய இரும்பு வாணலியோடு மாடிப்படி ஏறி வந்தார். வாணலியில் கனல். மேலே ஒரு பிடி காய்ந்த செடி: பட்டாணி அளவு உருண்டைக் காய்களும், நொறுங்கிய இலைகளும். காய்கள் சூட்டில் வெடித்து, உள்ளிருந்த விதைகள் படபடவெனப் பொரிந்தன. நம் ஊரில் கடுகையும் மிளகாயையும் சுற்றிப் போட்டால் அடுப்பில் கேட்குமே, கிட்டத்தட்ட அதே சத்தம். தாய்ஸாவின் முகத்தில் அந்தச் சத்தத்துக்கு வந்த திருப்தியும் என் பாட்டியின் முகத்தில் நான் பார்த்ததுதான். வாசல் நிலை, சன்னல், சமையலறை மூலை, படுக்கை என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, கடைசியில் என் தலையைச் சுற்றிக் கொண்டுபோனார். "கோஸ் டெக்மெசின்" என்றார். கண் படாமல் இருக்கட்டும் என்று பொருள். வாசனை என்று சொன்னால் சாம்பிராணியை நினைத்துவிடாதீர்கள். கருகிய எள்ளும் ஈர வைக்கோலும் கலந்தாற்போல ஒரு காட்டமான கசப்பு. திரைச்சீலையில் மூன்று நாள் இருந்தது.

இனி செடிக்கு வருவோம். அறிவியல் பெயர் பெகனும் ஹர்மலா. முழங்கால் உயரத்துக்குப் புதராக வளரும். இலைகள் நன்றாகப் பிளவுபட்டு, நூல் போல ஒடுங்கி, கொஞ்சம் சதைப்பற்றோடு இருக்கும். மே, ஜூனில் ஐந்து இதழ் கொண்ட வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளைப்பூ. பிறகு மூன்று அறை கொண்ட உருண்டைக் காய். அதற்குள் கருப்பழுப்பு நிறத்தில், மூன்று முனை உள்ள சின்ன விதைகள். ஆழமாக வேர் விடும் பல்லாண்டுச் செடி. நாட்டின் பெரும்பகுதி காராகும் பாலைவனம். சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். சுற்றிலும் எல்லாம் காய்ந்து மஞ்சளாகிவிட்ட ஜூலையிலும் இந்தச் செடி மட்டும் பச்சையாக நிற்கும்.

நான் பார்த்தவரை இதன் புனிதத்துக்கான வேர் இங்கேதான் இருக்கிறது. துர்க்மென்கள் ஆட்டு மந்தையும் ஒட்டகமும் வைத்துப் பிழைத்தவர்கள். மேய்ச்சல்காரன் எந்தச் செடியையும் முதலில் கேட்பது, 'என் ஆடு இதைத் தின்னுமா?' என்றுதான். யந்தாக் என்ற ஒட்டக முள்ளை ஒட்டகம் ஆசையாகத் தின்னும். யுஸார்லிக் பச்சையாக நிற்கும்போது ஆடு, மாடு, ஒட்டகம் எதுவும் வாய் வைக்காது. அவ்வளவு கசப்பு, அவ்வளவு நாற்றம். அதனால் மற்றதெல்லாம் மேய்ந்து தீர்ந்த இடத்தில் இது தனியாகப் பெருகும். கிணற்றைச் சுற்றி, கைவிட்ட பட்டியில், இடிந்த மண்சுவர் ஓரத்தில், இடுகாட்டில். ரஷ்ய மொழியில் இதற்கு ஒரு பெயர் 'மொகில்னிக்'. மொகிலா என்றால் கல்லறை. கல்லறைமேல் வளர்வது என்பதால் வந்த பெயர். விலங்கு அஞ்சும் செடி, வெயிலுக்கு அசையாத செடி, முன்னோர் படுத்திருக்கும் மண்ணில் யாரும் நடாமல் முளைக்கும் செடி. இப்படி ஒன்று கண்ணெதிரே இருந்தால் அதற்கு ஒரு சக்தி இருப்பதாகத் தோன்றாமல் போனால்தான் ஆச்சரியம்.

பெயரைப் பற்றி ஒன்று. துர்க்மென் மொழியில் 'யுஸ்' என்றால் நூறு. நூறு நோய்க்கு மருந்து, அதனால் யுஸார்லிக் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம். துருக்கியிலும் அஜர்பைஜானிலும் இதே செடிக்கு முன்னால் 'ய' இல்லாமல் உஸர்லிக் என்றுதான் பெயர். அந்த மொழிகளிலும் நூறுக்குச் சொல் 'யுஸ்' தான், 'உஸ்' அல்ல. ஆக நூறு என்பது பின்னால் ஒட்டவைத்த விளக்கமாக இருக்கலாம். அதனால் என்ன, ஒட்டிக்கொண்டுவிட்டது. பக்கத்து தாஜிக்குகள் நூறோடு நிற்கவில்லை, 'ஹஸோரிஸ்பந்த்' என்பார்கள். ஹஸோர் என்றால் ஆயிரம். இஸ்பந்த், எஸ்பந்த் என்ற பாரசீகப் பெயருக்குப் பின்னால் இருப்பது 'புனிதமான' என்று பொருள்படும் பழைய ஈரானியச் சொல். ஜொராஸ்திரிய மறைநூலான அவெஸ்தாவில் அது ஸ்பெந்த. அதாவது பெயரிலேயே புனிதம் வைத்தவர்கள் ஈரானியர்கள். எழுத்தில் நான் 'ஸ' போட்டாலும் துர்க்மென்கள் நாக்கை இரண்டு பல்வரிசைக்கும் நடுவே கொண்டுவந்துதான் அந்த எழுத்தைச் சொல்வார்கள். முதல் மாதம் முழுக்க என் காதில் 'யுதார்லிக்' என்றே விழுந்தது.

உங்கள் உறவினர் சொன்ன பயன்பாடுகள் பொய்யில்லை. ஆனால் அங்கே எதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெரும்பங்கு புகைதான். புது வீடு, புது மருமகள், பயணம் போய் வந்தவர், நோயில் கிடந்து எழுந்தவர், நன்றாக ஓடிய குதிரை என்று யார்மேல் நாலு பேர் பார்வை விழுந்ததோ அவர்களுக்கெல்லாம் புகை. குளிர்காலத்தில் வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தாலும் புகை. பிள்ளை பெற்ற வீட்டில் முதல் நாற்பது நாள் தனிக் கணக்கு. அதற்கு சில்லே என்று பெயர். அந்த நாட்களில் தாயையும் சிசுவையும் தனியே விடமாட்டார்கள். 'ஆல்' என்றொரு பெண்பேய் வந்து பிள்ளைத்தாய்ச்சியின் உயிரைக் கொண்டுபோகும் என்ற பயம் மத்திய ஆசியா முழுக்க உண்டு. தலையணைக்கடியில் இரும்பு, வாசலில் யுஸார்லிக். குழந்தைக்குப் போடும் முதல் சட்டைகளின் கீழ் ஓரத்தை மடித்துத் தைக்காமல் பிசிராகவே விட்டுவிடுவார்கள்; மடித்து அடைத்தால் ஆயுளும் அங்கேயே நின்றுவிடும் என்று எண்ணம். தோளிலும் முதுகிலும் முக்கோணத் தாயத்து, அதன் பெயர் தொகா. கறுப்பும் வெள்ளையுமாகத் திரித்த அலஜா கயிறு. தக்தான் மரத்தில் செதுக்கிய சின்ன வில்லை. இத்தனைக்கும் நடுவே யுஸார்லிக் ஒரு காவலாள்தான், தனி ராஜா இல்லை. இந்தப் பட்டாளத்தைச் சேர்த்துப் பார்க்காமல் செடியை மட்டும் பிடுங்கி 'துர்க்மென்களின் அதிசய மூலிகை' என்று எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது, தொங்கவிடுவது. காய் பச்சையாக இருக்கும்போதே செடியை அறுத்து, தலைகீழாகக் கட்டி நிழலில் உலர்த்தி, வாசல் நிலைக்கு மேலே மாட்டுவார்கள். வாடகைக் காரின் கண்ணாடிக்குக் கீழேயும் பார்த்திருக்கிறேன். அறுப்பதற்கும் ஒரு மரியாதை உண்டு. தாய்ஸா சாலையோரச் செடியைத் தொடமாட்டார். ஊருக்கு வெளியே, கார் புகை படாத இடமாகப் பார்ப்பார். அறுப்பதற்கு முன் பிஸ்மில்லா சொல்வார். வேரோடு பிடுங்கவே மாட்டார். வடக்கே கசாக்கியர்களிடம் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே இதன் பெயர் அதிரஸ்பான். செடிக்கு முன் நின்று மனிதரிடம் சொல்வதுபோல சலாம் சொல்லி, இன்னாருக்கு நோய், அதற்காக உன்னைத் தேடி வந்தோம் என்று சொல்லிவிட்டுத்தான் கத்தி வைப்பார்களாம்.

மூன்றாவது, உடம்புக்கு வெளியே போடும் மருந்து. செடியைக் கொதிக்கவைத்த நீரில் மூட்டுவலிக்காரர் காலை ஊறவைப்பது, சொறி சிரங்குக்குக் கழுவுவது, பல்வலிக்கு ஆவி பிடிப்பது.

உள்ளுக்குக் கொடுப்பது நான்காவது, அது மிகக் குறைவு. தாபிப் என்று அழைக்கப்படும் நாட்டு வைத்தியர் அளந்து கொடுப்பார். நான் தாய்ஸாவிடம் ஒருமுறை, இதைத் தேநீராகக் குடிக்கலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தன் ஆள்காட்டி விரல் நுனியைக் கட்டைவிரல் நகத்தால் தொட்டு, இவ்வளவு மருந்து என்றார். பிறகு கையை விரித்துக் காட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணை மூடினார். எனக்கு அதற்குமேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்தச் சைகைக்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இது. விதையின் எடையில் சுமார் 2 முதல் 7 சதவீதம் ஆல்கலாய்டுகள், அதாவது சிறு அளவிலேயே உடம்பில் வேலை காட்டும் தாவர வேதிப்பொருட்கள். ஒரு செடிக்கு இது மிக அதிகம். முக்கியமானவை ஹார்மலின், ஹார்மின். ஹார்மலினை 1841ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள், சில ஆண்டுகளில் ஹார்மினையும். பெயர்கள் இரண்டுமே இந்தச் செடியின் அரபுப் பெயரான ஹர்மல் என்பதிலிருந்து வந்தவை. இவை என்ன செய்யும்? நம் உடம்பில் மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. மூளையில் செரோடோனின், டோபமின் போன்றவற்றை வேலை முடிந்ததும் கழித்துக்கட்டுவது அதன் வேலை. குடலில், உணவோடு வரும் சில அமீன்களை உடைப்பதும் அதுவே. ஹார்மின் இந்த நொதியின் 'ஏ' வகையைத் தற்காலிகமாகப் பூட்டிவிடும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் இந்தக் கஷாயத்தையும் குடித்தால் இரண்டும் சேர்ந்து செரோடோனினை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடலாம். மாத்திரை இல்லாதவர்களும் தப்பவில்லை. அளவு மீறினால் வாந்தி, நடுக்கம், இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது, இதயத்துடிப்பு குறைவது, வலிப்பு. கருப்பையைச் சுருங்கவைக்கும் குணமும் உண்டு. அதனால் கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக்கூடாது. இதைத் தெரிந்தே கருவைக் கலைக்கக் குடித்து ஆபத்தில் மாட்டிக்கொண்ட பெண்கள் உண்டு. மொராக்கோவில் இந்த ஒரே செடியால் நஞ்சேறிய 200 பேரைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் 2012இல் கட்டுரையே வந்தது.

இதே ஹார்மின் தென் அமெரிக்கக் காட்டில் ஒரு கொடியிலும் இருக்கிறது. அமேசான் பழங்குடிகள் அயவாஸ்கா என்ற சடங்குப் பானத்தில் போடும் கொடி அது. அந்தக் கொடியிலிருந்து 1920களில் பிரித்த பொருளுக்கு, அது மனத்தோடு மனம் பேசவைக்கும் என்று நம்பி, 'டெலிபதின்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு சோதித்துப் பார்த்தால் அது ஆசியப் பாலைவனத்துச் செடியில் எண்பது ஆண்டுக்கு முன்பே கண்டுபிடித்த அதே ஹார்மின். அந்த 1920களின் கடைசியில் ஜெர்மனியில் நடுக்குவாத நோயாளிகளுக்கு இதை ஊசியாகப் போட்டும் பார்த்தார்கள். தசை இறுக்கம் கொஞ்ச நேரம் தளர்ந்தது. அப்புறம் வேறு மருந்துகள் வந்தன, இது ஒதுங்கிவிட்டது. சோவியத் காலத்தில் தாஷ்கண்டில் இருந்த தாவரப் பொருட்களின் வேதியியல் நிறுவனம் இந்தச் செடியிலிருந்தே டியாக்சிபெகனின் என்ற பொருளை எடுத்து, நரம்புத் தளர்ச்சிக்கான மருந்தாகவே கொண்டுவந்தது. ஆக, தாபிப்கள் வெறும் புல்லைக் கையில் வைத்துக்கொண்டு மந்திரம் போடவில்லை. உள்ளே உண்மையான சரக்கு இருக்கிறது. அதுதான் ஆபத்தும்.

இருமலுக்குக் கஷாயம் என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கும் எனக்கும் பழக்கமான இடம். இந்தச் செடியில் பெகனின் என்று இன்னொரு ஆல்கலாய்டு இருக்கிறது. அதன் மறுபெயர் வாசிசின். ஆடாதோடையில் இருக்கிறதே, அதே வாசிசின்தான். மூச்சுக்குழாயைத் தளர்த்திக் கோழையை இளக்கும் பொருள். கடையில் விற்கும் பல இருமல் மருந்துகளில் இருக்கும் புரோம்ஹெக்சின் இந்த வாசிசினைப் பார்த்துச் செய்த செயற்கை வடிவம். ஆக உறவினர் சொன்னதில் ஒரு துளி நியாயம் இருக்கிறது. ஆனால் யுஸார்லிக் விதையில் வாசிசின் தனியாக வராது. ஹார்மலினையும் ஹார்மினையும் கூட்டிக்கொண்டுதான் வரும். வேலியோரத்தில் ஆடாதோடை இருக்கும்போது எதற்கு இந்த வம்பு? அதுவும்கூட கர்ப்பிணிகளுக்குக் கூடாது, குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் கூடாது என்பது வேறு.

இந்தச் சரக்கு நம் பக்கம் வராததும் இல்லை. பழைய மருந்துச் சரக்குப் பட்டியல்களில் 'சீமை அழவணை விரை' என்று இதற்குத் தமிழ்ப் பெயர் இருக்கிறது. அழவணம் என்றால் மருதாணி, விரை என்றால் விதை. வெளிநாட்டிலிருந்து வந்த மருதாணி விதை என்று யாரோ வியாபாரி பெயர் வைத்திருக்க வேண்டும். தெலுங்கிலும் அச்சு அசல் அதே பொருளில் 'சீம கோரண்டி'. காஷ்மீரில் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை வரவேற்கும்போது கனலில் போடும் இஸ்பந்தும் இதுவேதான்.

எவ்வளவு பழைய வழக்கம் இது? இணையத்தில் தேடினால், துர்க்மெனிஸ்தானின் கோனுர் தேப்பே என்ற தொல்லியல் இடத்தில் 4,000 ஆண்டுக்கு முன்பு பழைய ஈரானியரின் ஹவோமா என்ற புனித பானம் காய்ச்சினார்கள், அது இந்தச் செடிதான் என்று வரும். கொஞ்சம் பொறுங்கள். மெர்வ் நகருக்கு வடக்கே மணலில் கோனுரைத் தோண்டியெடுத்தவர் தொல்லியலாளர் விக்டர் சரியனிதி. அங்கேயும் பக்கத்து டோகொலோக்கிலும் கிடைத்த பானைகளில் எஃபிட்ரா என்ற புதர்ச்செடி, கஞ்சா, கசகசாச் செடியின் தடயம் இருக்கிறது, இது ஹவோமா காய்ச்சிய இடம் என்று அறிவித்தார். அந்தப் பட்டியலில் ஹர்மலா இல்லை. பின்னால் பானைப் படிவுகளை நெதர்லாந்தில் ஆய்ந்தபோது, தெரிந்தது பனிவரகு என்ற சிறுதானியம்தான். ஹவோமா என்பது ஹர்மலாவே என்று வாதிட்டவர்கள் வேறு இருவர், டேவிட் ஃபிளாட்டரியும் மார்ட்டின் ஷ்வார்ட்ஸும். 1989இல் நூலாகவே எழுதினார்கள். கெட்டிக்காரத்தனமான வாதம், ஆனால் எல்லோரும் ஏற்றுக்கொண்டதல்ல.

உறுதியான சான்று வேண்டுமென்றால் வேறு திசையில் போக வேண்டும். சவூதி அரேபியாவின் வடமேற்கில் குராயா என்ற பாலைவனச் சோலைக் குடியிருப்பில், சுமார் 2,700 ஆண்டு பழைய தூபக்கலங்களில் ஒட்டியிருந்த எச்சத்தை வேதியியல் முறையில் சோதித்து, அது ஹர்மலாவின் ஆல்கலாய்டுகள்தான் என்று 2025இல் வெளியிட்டார்கள். புகைதான் போட்டிருக்கிறார்கள். அதுவும் வீடுகளில். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தாய்ஸாவின் வாணலிதான் ஞாபகம் வந்தது. கிரேக்க மருத்துவர் டையஸ்கொரிடிஸ் முதல் நூற்றாண்டில் இதைக் காட்டுப் பெகனோன் என்று எழுதி, சிலர் ஹர்மலா என்பார்கள் என்றும் குறித்திருக்கிறார்.

சரி, நோய் வராது என்பதற்கு வருவோம். இதில் ஓர் அரசியல் கதை இருக்கிறது. துர்க்மெனிஸ்தானில் 2007 முதல் 2022 வரை அதிபராக இருந்த குர்பாங்குலி பெர்திமுகமெதோவ் படிப்பால் பல் மருத்துவர். நாட்டின் மருத்துவத் தாவரங்களைப் பற்றி அவர் பெயரில் 2009 முதல் பல தொகுதிகள் வெளிவந்திருக்கின்றன. 2020 மார்ச்சில், கொரோனா உலகைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அமைச்சரவைக் கூட்டத்தில் யுஸார்லிக் புகையைப் பரிந்துரைத்தார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை இந்தப் புகை அழிக்கும் என்பது முன்னோர் கண்ட வழி என்றார். உடனே பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ரயில் நிலையங்களிலும் தட்டுத்தட்டாகப் புகை. நாட்டில் ஒரு கொரோனா நோயாளிகூட இல்லை என்பது அரசின் கணக்கு. அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் குழு வந்து, தொற்று பரவிக்கொண்டிருப்பதாகவே எண்ணி நடவடிக்கை எடுங்கள் என்று சொல்லிப் போனது. அதே மாதம் முகக்கவசம் அணியச் சொன்ன சுகாதார அமைச்சகம், அதற்குச் சொன்ன காரணம் காற்றில் தூசி அதிகம் என்பது. டிசம்பரில் அதிபர் கொரோனாவுக்கு மருந்தென்று அதிமதுரத்தைக் கையில் எடுத்தார்.

ஆய்வுக்கூடத்தில் இந்தச் செடியின் சாறும், குளிரவைத்துப் பிடித்த புகையும் சில பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுத்திருக்கின்றன. அது உண்மை. ஆனால் கண்ணாடித் தட்டில் பாக்டீரியா அடங்குவதும், ஒரு ரயில் நிலையக் கூடத்தில் வைரஸ் அழிவதும் ஒன்றல்ல. எனக்கு இதில் உறுத்துவது அறிவியல் பிழை மட்டுமில்லை. வீட்டுப் பெண்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட ஒரு காரியம் அரசாங்க உத்தரவாகிவிட்டது. தாய்ஸா புகை போடும்போது அவருக்குத் தெரியும், என் தலைவலிக்கு இது மருந்தல்ல, ஊர் விட்டு ஊர் வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு மூத்தவள் செய்யும் காவல் என்று. தன் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது அவர் புகையும் போட்டார், மருத்துவமனைக்கும் கூட்டிப்போனார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை அவர் வீட்டில் வந்ததே இல்லை.

விற்பனையைப் பற்றி ஒரு கொசுறு. 1928இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு விவசாயி, விதையிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்துப் பணம் பண்ணலாம் என்று இந்தச் செடியைக் கொண்டுபோய் நட்டார். சாயம் விற்றதோ இல்லையோ, செடி பரவி, இன்று அங்கே பல மேற்கு மாநிலங்களில் ஒழிக்க வேண்டிய களை என்று பட்டியலில் இருக்கிறது. துர்க்மென் கம்பளத்தின் அந்த ஆழ்ந்த சிவப்பும் இந்தச் செடியில் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது மஞ்சிட்டி இனத்து வேர். இந்த விதைகளைத் தொட்டியில் தூவிப் பார்க்கலாமே என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் கொத்துக்கு இனி என்ன செய்வது? குழந்தை இருக்கும் அறையில் புகை வேண்டாம். எந்தப் புகையும் பத்து மாதக் குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது. சாம்பிராணிக்கும் இதே பேச்சுதான். மூடிய அறையில் கனல் வைத்தால் கார்பன் மோனாக்சைடு வேறு. பெரியவர்கள் ஆசைப்பட்டால் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ ஒரு சிட்டிகை போடலாம், காற்றோட்டமாக. ஆஸ்துமாக்காரர்களும் கர்ப்பிணிகளும் தள்ளி இருக்கட்டும். முக்கியமான விஷயம், காய் உலர்ந்தால் வெடித்து விதை உதிரும். தவழும் குழந்தை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடும் வயது. அதனால் கொத்தை மெல்லிய வலைத்துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, வாசலுக்கு மேலே உயரத்தில் மாட்டுங்கள். யாராவது தெரியாமல் விதையைத் தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், கொத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பெகனும் ஹர்மலா என்று பெயரைச் சொன்னால் மருத்துவருக்கு வேலை எளிது.

நாங்கள் ஊர் திரும்பும்போது தாய்ஸா எனக்கும் ஒரு கொத்து கட்டிக்கொடுத்தார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், துணிகளுக்கு நடுவே நசுங்காத இடமாகப் பார்த்துத் திரும்ப வைத்து மூடினார்.